‘ஹேண்ட் செலக்ட்’ பிஸ்டல் என்று தலையில் கட்டுகிறார்கள்: டெக்சாஸ் தமிழர்கள் கவனத்துக்கு

ராணுவம் கழித்துவிட்ட பழைய சர்ப்ளஸ் பிஸ்டல் ஒன்றை கன் ஷோவில் (துப்பாக்கிச் சந்தையில்) வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், முக்கியமாக மோட்டல், கேஸ் ஸ்டேஷன் நடத்தும் நம் ஆட்கள், இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எனக்கு விற்கப்பட்டது ஆளையே கொன்றுவிடக்கூடிய பொருள். விஷயம் கோர்ட்டில் இருப்பதால் விற்றவர் பெயரை இங்கே எழுதவில்லை.

ஹூஸ்டன் பக்கம் கேஸ் ஸ்டேஷன் வைத்திருக்கிறேன். இரவு கடையைப் பூட்டி, வசூல் பணத்தோடு கார் வரை நடக்கிற தூரம்தான் என் கவலை. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டத்தடை எதுவும் இல்லாதவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை வெளியே சுமந்து செல்லலாம். இருந்தாலும் வகுப்புக்குப் போய், சுட்டுக் காட்டி, எல்டிசி (துப்பாக்கி சுமக்கும் உரிமம்) வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். இன்னொன்று: எச்-1பி, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் ஃபெடரல் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இருக்கின்றன. அதைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள். துப்பாக்கி விற்கிறவரிடம் கேட்காதீர்கள். நான் கிரீன் கார்டு வந்த பிறகே, துப்பாக்கி வாங்கும்போது நிரப்ப வேண்டிய 4473 என்ற ஃபெடரல் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நான் தேர்ந்தெடுத்தது போலந்து நாட்டு பி-64. ராடோம் நகரத் தயாரிப்பு, 1965-ல் அந்த நாட்டுப் படைகளுக்கு வந்தது. முழுக்க எஃகு. 16 செ.மீ. நீளம், ஏறக்குறைய 620 கிராம் எடை, மேகசினில் 6 தோட்டா. ஹூஸ்டன் வெயிலில் மெல்லிய காட்டன் சட்டைக்கு மேல் எதையும் போட முடியாது. தட்டையான பி-64 அந்தச் சட்டைக்குள்ளும் வெளியே தெரியாது. செக்கோஸ்லோவாக்கியாவின் சி.இசட். 82-ல் 12 தோட்டா போடலாம், சுடவும் சுகம். ஆனால் என் உடம்புவாகுக்கு அது தடிமன்.

பி-64-க்கு ஊரறிந்த குறை ஒன்று உண்டு. ஹேமர் (பின்னால் இருக்கும் சுத்தியல் போன்ற பாகம்) கீழே இருக்கும்போது இழுக்கும் முதல் ட்ரிகர் கல்லாக இருக்கும். அதைத் தளர்த்த இதற்கென்றே செய்த ஹேமர் ஸ்பிரிங் தனியாகக் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. அந்தச் செலவைக்கூட மிச்சம் பிடிக்க, சிலர் பழைய ஸ்பிரிங்கிலேயே ஒன்றிரண்டு சுற்றை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். எனக்கு விற்ற பிஸ்டலில் நடந்திருந்தது அதுதான்.

கன் ஷோ மேசையில் எல்லாத் துப்பாக்கிகளையும் பிளாஸ்டிக் டை (இறுகக் கட்டும் பட்டை) போட்டுக் கட்டியிருந்தார்கள். கன் ஷோ என்றால் அது வழக்கம். ஸ்லைடை (பின்னால் இழுக்கும் மேல்பாகத்தை) இழுக்கவோ ட்ரிகரை அழுத்தவோ முடியாது. வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்தால் அங்கேயே டையை வெட்டி, காலியா என்று பார்த்து, இயக்கிக் காட்டுகிற நல்ல வியாபாரிகள் இருக்கிறார்கள். எனக்கு விற்றவரோ முடியாது என்றார். “சார், இது ஹேண்ட் செலக்ட். நூறு பீஸில் ஒன்று. எல்லா பார்ட்டும் ஒரே சீரியல் நம்பர், உள்ளே யாரும் கை வைக்கவில்லை” என்றார். கையால் பொறுக்கி எடுத்ததாம், அதற்குத் தனியாக 25 டாலர். அவர் சொன்னதை ரசீதில் எழுதித் தரச் சொன்னேன். எழுதினார். அந்த ஒரு வரிதான் இன்றைக்கு என் கையில் இருக்கிற ஆயுதம்.

வாங்கிய தோட்டா டப்பாவிலும் கோளாறு. பி-64-க்கு 9×18 மகாரோவ் தோட்டா வேண்டும். உதவிக்கு நின்ற பையன் .380 டப்பாவைப் பையில் போட்டுவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதான், போகும்” என்றான். ஒன்றில்லை. மகாரோவின் குண்டு 9.27 மி.மீ., .380-ன் குண்டு 9 மி.மீ. சொச்சம்; தோட்டாக் கூடும் ஏறக்குறைய ஒரு மி.மீ. குட்டை. அங்கேயே திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொண்டேன்.

ரேஞ்சில் முதல் மேகசினிலேயே ‘க்ளிக்’. சத்தம் மட்டும்தான், தோட்டா வெடிக்கவில்லை. முனையை இலக்கை நோக்கியே அரை நிமிடம் பிடித்திருந்து, பிறகு வெளியே எடுத்துப் பார்த்தேன். ப்ரைமரில் (தோட்டாவின் அடியில் இருக்கும் பற்றவைப்பு மூடியில்) ஃபயரிங் பின், அதாவது அடிக்கும் ஊசி, பட்ட தழும்பு நகக்கீறல் அளவுக்குத்தான் இருந்தது. சரியாக அடித்திருந்தால் நல்ல குழி விழுந்திருக்கும். வேறு கம்பெனி தோட்டா போட்டும் அதே கதை. உயிருக்கு ஆபத்து என்று உருவும்போது இப்படி ‘க்ளிக்’ என்றால் என்ன ஆகும்?

இதைவிட மோசமானது சேஃப்டி. பி-64-ல் சேஃப்டி நெம்பைக் கீழே தள்ளினால், தூக்கி நிற்கும் ஹேமர் ஃபயரிங் பின்னில் படாமல் இறங்க வேண்டும். சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தில்) தோட்டாவோடு இடுப்பில் வைப்பவர்கள் நம்புவது அதைத்தான். இதைச் சோதிக்கத் தெரிந்தவர்கள் செய்யும் வழி பென்சில். மேகசினைக் கழற்றுங்கள். சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டா டப்பா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. முனையை மேலே பிடித்து, ரப்பர் வைத்த பென்சிலை ரப்பர் பக்கம் கீழே போகும்படி குழலுக்குள் விடுங்கள். ஹேமரைத் தூக்கி, சேஃப்டியைத் தள்ளுங்கள். பென்சில் அசையக் கூடாது. என் பிஸ்டலில் அது குழலை விட்டு எகிறி வந்து மேசையில் விழுந்தது. உள்ளே தோட்டா இருந்திருந்தால் சேஃப்டி போட்ட அந்த நொடியே வெடித்திருக்கலாம்.

துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித் ஒருவர் கிரிப்பைக் (கைப்பிடித் தகட்டை) கழற்றிக் காட்டினார். ஸ்பிரிங்கின் ஒரு முனை தொழிற்சாலையில் தேய்த்த மாதிரி தட்டையாக இருந்தது. மறுமுனை கட்டரால் நறுக்கிய கம்பியாகப் பளபளத்தது. ஹேமரின் அடி பலமில்லாமல் போனது அதனால்தான். சேஃப்டி நெம்பு வேறொரு பிஸ்டலிலிருந்து பிடுங்கி, அரத்தால் ராவித் திணித்தது.

வியாபாரியிடம் போனால், “விற்ற துப்பாக்கியைத் திரும்ப வாங்கச் சட்டத்தில் இடமில்லை” என்கிறார். சுத்தப் பொய். அப்படித் தடுக்கிற ஃபெடரல் சட்டம் எதுவும் கிடையாது. திரும்பி வந்ததைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு வாங்கிக்கொள்ளலாம். வாங்க மாட்டேன் என்பது அவர் கடை விதி. தன் விதியைச் சட்டம் என்று சொல்லி, வெளியூரிலிருந்து வந்தவனைப் பயமுறுத்திப் பார்க்கிறார்.

நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: டோஸ்டரோ குழந்தைத் தொட்டிலோ ஆபத்தானது என்றால் அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் திரும்பப் பெற வைக்கும். துப்பாக்கியை மட்டும் அந்த ஆணையம் தொடக் கூடாது என்று 1976-லேயே காங்கிரஸ் சட்டம் போட்டுவிட்டது. ஓட்டைத் துப்பாக்கி விற்கிறார் என்று அங்கே புகார் போட்டுப் பயனில்லை. ஆனால் பொய் சொல்லி விற்றால் டெக்சாஸின் மோசடி வணிகச் சட்டம் இருக்கிறது, அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் நுகர்வோர் புகார் கொடுக்கலாம், 20,000 டாலர் வரையிலான வழக்கை வக்கீல் இல்லாமலே ஜஸ்டிஸ் கோர்ட்டில் போடலாம். நான் புகாரும் கொடுத்தேன், வழக்கும் போட்டேன்.

டையை வெட்டிக் காட்ட மறுத்தால் அந்த மேசையை விட்டு நகருங்கள். ‘ஆஸ் ஈஸ்’ (இருக்கிறபடியே விற்பது, பிறகு பொறுப்பில்லை) என்று ரசீதில் இருந்தால் அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ‘எல்லா அளவுக்கும் பொருந்தும்’ என்று தொளதொள நைலான் ஹோல்ஸ்டரை இலவசமாகக் கொடுப்பார்கள். ட்ரிகரை முழுக்க மூடாத உறையில் எந்தப் பிஸ்டலையும் வைக்காதீர்கள்.

வெட்டுப்பட்ட ஸ்பிரிங்கும் அந்த நெம்பும் கன்ஸ்மித் எழுதிக் கொடுத்த அறிக்கையோடு ஓர் உறையில் இருக்கின்றன. விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன். ஹூஸ்டன் கன் ஷோக்களில் ‘ஹேண்ட் செலக்ட்’ என்று 25 டாலர் கூடுதலாகக் கொடுத்து பி-64 வாங்கியவர்கள் யாராவது இருந்தால், அதைச் சுமப்பதை நிறுத்திவிட்டு முதலில் பென்சில் சோதனை செய்யுங்கள். தேறாவிட்டால் ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஒரே ஆள் விற்றது என்று தெரிந்தால் சேர்ந்தே கோர்ட்டுக்குப் போகலாம்.