தவணையில் போன் வாங்கப் போகிறீர்களா? கடைக்காரர் ஸ்கேன் செய்யும் அந்த கியூஆர் கோடு என்னவென்று கேளுங்கள்

ஜீரோ டவுன் பேமென்ட் போர்டைப் பார்த்து போன் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என் தம்பி சாப்பாடு டெலிவரி வேலை பார்க்கிறான். தவணையில் வாங்கிய அவன் போன் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, ஆர்டர் குவிகிற நேரத்தில், நடுரோட்டில் பூட்டிக்கொண்டது. திரை முழுக்க பைனான்ஸ் கம்பெனி பெயர், 'தவணை நிலுவையில் உள்ளது' என்று ஒரு வரி, கீழே கஸ்டமர் கேருக்கும் அவசர அழைப்புக்கும் இரண்டு பட்டன். அவ்வளவுதான். பையில் பார்சல் இருக்கிறது, கொடுக்க வேண்டிய முகவரி பூட்டுக்குள் இருக்கிறது.

இத்தனைக்கும் கணக்கில் பணம் இருந்தது, ஆட்டோ டெபிட் ஏனோ பவுன்ஸ் ஆகியிருக்கிறது. சரி, உடனே கட்டிவிடலாம் என்றால் எதை வைத்துக் கட்டுவது? யுபிஐ அந்த போனில்தான், ஓடிபி வருவதும் அந்த சிம்முக்குத்தான். கடைசியில் என் போனிலிருந்து பவுன்ஸ் சார்ஜும் சேர்த்துக் கட்டினோம், ரசீது வந்தது, பூட்டு மட்டும் திறக்கவில்லை. கேட்டால் "சிஸ்டத்தில் அப்டேட் ஆக 48 மணி நேரம் ஆகும் சார்" என்கிறார்கள். பூட்ட மட்டும் நொடி போதுமாம். சனி, ஞாயிறு இரண்டு நாள் வருமானமும் போனது, டெலிவரிக்காரர்களுக்கு அந்த இரண்டு நாள் என்னவென்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

விஷயம் கடையிலேயே நடந்துவிடுகிறது. புது போனை ஆன் செய்ததும் பைனான்ஸ் ஆள் ஒரு கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, "அப்டேட் போடுறேன்" என்றாராம். அது அப்டேட் இல்லை. கம்பெனிகள் ஊழியர்களுக்குத் தரும் ஆபீஸ் போன்களைக் கட்டுப்படுத்த ஆண்ட்ராய்டில் ஒரு வசதி உண்டு, அதன் வழியாக பைனான்ஸ்காரரின் ஆப் உங்கள் போனுக்கு முதலாளி ஆகிவிடுகிறது. அதை நீங்கள் நீக்க முடியாது, செட்டிங்ஸில் ரீசெட் செய்யும் வழியையும் அதுவே அடைத்துவிடலாம். சாம்சங்கில் இதற்கென்றே நாக்ஸ் கார்டு (Knox Guard) என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண்ணோடு பதிவாவதால் ரீசெட் செய்தாலும் திரும்ப வந்து உட்காரும்.

உங்கள் போனை இப்போதே பாருங்கள். லாக் ஸ்கிரீன் அடியிலோ மேலிருந்து இழுக்கும் மெனுவிலோ 'இந்தச் சாதனம் உங்கள் நிறுவனத்திற்குச் சொந்தமானது' என்கிற மாதிரி பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தால் சாவி வேறு யார் கையிலோ இருக்கிறது. தம்பி போனில் அந்த வரி முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. ஒப்புதல் கொடுத்தீர்களே என்று கம்பெனி காட்டுவது, ஓடிபி வாங்கிய பிறகு மெயிலில் வந்த ஆங்கில பிடிஎஃப்பில் எங்கோ நடுவில் கிடக்கும் ஒரு பத்தியை.

கடன் ஆப்கள் நம் கான்டாக்ட், போட்டோ, கால் பட்டியலைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே விதி போட்டுவிட்டது. பூட்டு விஷயம்தான் இழுபறி. 2024ல் நிறுத்தச் சொன்னதாகவும், முன் ஒப்புதல் வாங்கினால் அனுமதிக்கலாமா என்று யோசிப்பதாகவும் 2025ல் செய்தி வந்தது. வண்டிக்கடன் என்றால் தூக்கிப்போகவாவது ஆள் வர வேண்டும், நாலு வார்த்தை சண்டை போடலாம். இதில் சண்டை போட எதிரில் ஆளே இல்லை.

மாட்டிக்கொண்டால் பூட்டிய திரையை இன்னொரு போனில் படம் எடுத்து, ரசீதோடு கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448. நாங்களும் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம்.

கடைசித் தவணை கட்டியதும் பாக்கி இல்லை என்கிற என்ஓசி மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், பூட்டை எடுத்தாயிற்று என்றும் எழுதி வாங்குங்கள். அப்புறம், செகண்ட் ஹேண்டில் போன் வாங்குகிறவர்கள் காசைக் கொடுப்பதற்கு முன் அந்தப் பொடி எழுத்தைத் தேடிப் பாருங்கள், பழைய ஓனரின் டியூவுக்கு உங்கள் கையில் இருக்கும்போது பூட்டு விழும்.