அகத்தியிலிருந்து போர்ட் பிளேர்: எந்த வழி நல்லது?

லட்சத்தீவின் அகத்தி மேற்குக் கடலில். அந்தமானின் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கிழக்குக் கடலில். இரண்டுக்கும் நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 2,245 கிலோமீட்டர். ஒரு ஜெட் விமானத்துக்கு மூன்று மணி நேரப் பயணம்தான். ஆனால் அகத்தியில் பெரிய ஜெட் இறங்க முடியாது. ஓடுபாதையின் நீளம் 1,200 மீட்டர் சொச்சம். தீவு அந்த முனையில் நாக்கு மாதிரி ஒடுங்கிக் கிடக்கிறது; இறங்கும்போது இரண்டு பக்க ஜன்னலிலும் தண்ணீர்தான் தெரியும், சக்கரம் தரையைத் தொடும் வரை மனசு அடித்துக்கொள்ளும். அங்கே வந்து போவது ஏடிஆர் போன்ற சிறிய விமானங்கள். இவ்வளவு தூரத்தை ஒரே மூச்சில் பறக்க அவற்றால் ஆகாது.

ஆக, மாறித்தான் போக வேண்டும். வழக்கமான வழி கொச்சி, சென்னை. அகத்தி–கொச்சி சுமார் 465 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். கொச்சி–சென்னை 515, ஒன்றேகால் மணி. சென்னை–போர்ட் பிளேர் 1,375, இரண்டேகால் மணி. கூட்டிப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது: மொத்தம் ஏறக்குறைய 2,355 கிலோமீட்டர். நேர்க்கோட்டைவிட நூற்றுப்பத்துதான் அதிகம்! வானத்தில் இருப்பதும் ஐந்து மணி நேரமே. பயணத்தை ஒன்றரை நாளாக்குவது காத்திருப்பு.

பெங்களூரு வழி தூரத்தில் இன்னும் குறைவு, சுமார் 2,300. அகத்திக்கு அங்கிருந்து நேரடிச் சேவை 2024இல் தொடங்கியது. ஒரே ஒரு மாற்றம் என்பது பெரிய வசதி. இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் அமைந்தால் இதையே எடுக்கலாம். தனித்தனி டிக்கெட் என்றால் வேண்டாம். மழைக்காலத்தில் அகத்தி விமானம் தாமதமானால் அடுத்த டிக்கெட்டின் பணம் போனதுதான்.

கப்பலை நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கொச்சி வரை பதினான்கு முதல் இருபது மணி நேரம், சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு ஏறக்குறைய மூன்று நாள். தினமும் கப்பல் கிடையாது. விடுமுறை தாராளமாக இருந்தால் மட்டும்.

என் தேர்வு சென்னை வழிதான், ஆனால் இரவு தங்குவது கொச்சியில் அல்ல, சென்னையில். முதல் விமானம் எவ்வளவு தாமதித்தாலும் கொச்சியிலிருந்து சென்னைக்கு வேறு விமானம் கிடைக்கும், இல்லையென்றால் இரவு ரயில் இருக்கிறது. மறுநாள் காலை முதல் விமானத்தையே பிடியுங்கள். இரண்டு தீவுகளுக்கும் கடிகாரம் ஒன்றுதான்; ஆனால் தீர்க்கரேகையில் இருபது பாகை இடைவெளி. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் போர்ட் பிளேரில் சூரியன் மறைந்துவிடும், அகத்தியில் அப்போதும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பிற்பகலில் போய் இறங்கினால் பெட்டியை அறையில் வைத்துவிட்டு வருவதற்குள் இருட்டிவிடுகிறது.