13பி ரோட்டரி என்ஜின்: மஸ்டா சீலா, செராமிக் சீலா?

சொந்தமாகக் கட்டும் விமானத்துக்கென்று ஆர்எக்ஸ்-7 காரின் 13பி என்ஜினைப் பிரித்துப் போட்டவர்கள் தடுமாறும் இடம் இது. பிஸ்டனுக்குப் பதில் இதில் சுழல்வது இரண்டு முக்கோண ரோட்டர்கள். ரோட்டருக்கு மூன்று வீதம் ஆறே ஆறு முனை சீல்கள்; ரோட்டரின் முனைக்கும் அதைச் சுற்றியுள்ள ஹவுசிங்குக்கும் (உறை) இடையே வாயு கசியாமல் அடைக்கும் பட்டைகள் இவை. என்ஜினின் கம்ப்ரஷனே (எரிகலவையை அழுத்தும் திறன்) அவற்றை நம்பித்தான்.

விலை: மஸ்டாவின் இரும்பு சீல் கைக்கு அடக்கம். செராமிக் பல மடங்கு.

தேய்மானம்: இரும்பு தானும் தேயும், ஹவுசிங்கின் குரோம் பூச்சையும் தேய்க்கும். செராமிக் எடை குறைவு, உரசலும் குறைவு; சீல், ஹவுசிங் இரண்டும் நீடிக்கும். ஆனால் முதலில் ஹவுசிங்கின் ஓரங்களை நகத்தால் வருடிப் பாருங்கள். குரோம் உரிந்து நகம் சிக்குகிறதா? அப்புறம் செராமிக் போட்டு என்ன பயன்!

நாக்கிங் (எரிகலவை தாறுமாறாக வெடிப்பது): இதில் இரண்டு வகை சீலுமே உடையும். உடைந்த துண்டு ஹவுசிங்கைக் கீறிவிட்டு, டர்போ இருந்தால் அதன் பிளேடையும் பதம் பார்க்கும். இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விடும் நேரம்) தப்பாக இருந்தால் விலையுயர்ந்த சீல் காப்பாற்றாது.

பழைய ஹவுசிங், டர்போ இல்லை, வார இறுதியில் மட்டும் பறப்பு என்றால் மஸ்டா சீலே போதும். புது ஹவுசிங் வாங்கி, நிறைய மணிநேரம் பறக்கப் போகிறவர் செராமிக்குக்குச் செலவழிக்கலாம். எதைப் போட்டாலும் சரி, பெட்ரோலில் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்துவிடுங்கள்.