ஸ்டிக்கர் இயந்திரமும் தருகிறோம், வேலையும் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

"வேலையை விடுங்கள், வீட்டிலேயே முதலாளி ஆகுங்கள்" என்றொரு விளம்பரம் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்து முகநூல் குழுக்களில் மறுபடியும் சுற்றத் தொடங்கியிருக்கிறது. ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம், கணினி, ரோல்கள், பயிற்சி எல்லாம் சேர்த்து 385,000 ரூபா. அதற்கு மேல் மாதாமாதம் வெட்டுவதற்கு வேலையும் அவர்களே அனுப்புவார்களாம். கொழும்பிலுள்ள அந்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அவர்கள்மேல் நான் செய்த முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது. ஆனால் அவர்கள் வியாபாரம் செய்யும் விதத்தை எழுதலாம். நாளை வேறு பெயரில் வந்தாலும் நீங்கள் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

நான் ஹட்டனுக்கு அருகில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து, இதை நம்பி வேலையை விட்டு இயந்திரம் வாங்கியவன். இந்தத் தொழிலுக்கு எங்கள் பக்கத்தில் ஆளில்லாமல் இல்லை; வேலையும் இல்லாமல் இல்லை. ஓட்டோவின் பின்கண்ணாடியில் இரண்டு வரி எழுதாத சாரதியைப் பார்ப்பது கஷ்டம். தோட்டத்துக் கோயில் திருவிழா, சலூன், கோழிக்கடை, கண்ணீர் அஞ்சலிப் பதாகை என்று எல்லாவற்றுக்கும் டவுனுக்கு இறங்கி வந்து காத்துக் கிடக்கிறார்கள். ஆகவே தொழிலைப் பற்றி எனக்குக் குறையில்லை. அதைக் காட்டி ஆள் பிடிப்பவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அவர்களுடைய முகவர் முதலில் கேட்டது, எனக்கு டிசைன் செய்யத் தெரியுமா என்பதல்ல. "தம்பி, ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டீர்களா?" என்பதுதான். மாலையில் பகுதிநேரமாகத் தொடங்கலாமா என்றதற்கு, "அரை மனதோடு வருபவர்களுக்கு நாங்கள் இயந்திரம் கொடுப்பதில்லை" என்றார். அப்போது அது நல்ல கண்டிப்பு என்றே தோன்றியது. வேலையை விட்டவனால் திரும்பிப் போக முடியாது, கடைசி ரூபாய் வரை இதிலேயே போடுவான் என்ற கணக்கு இப்போது விளங்குகிறது. பணத்துக்கு வழி சொன்னதும் அவர்தான். வேலையை விட்டால் சேமலாப நிதியை அப்படியே எடுத்துவிடலாம் என்றார். இது சுத்தப் பொய். ஊழியர் சேமலாப நிதி சாதாரணமாக ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும்தான் கிடைக்கும். திருமணத்துக்காக வேலையை விடும் பெண்கள், நிரந்தரமாக வெளிநாடு போகிறவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. வேலையை விட்டவர் எடுக்கக்கூடியது ஊழியர் நம்பிக்கை நிதி. அதையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் எடுக்கலாம், அதில் சேர்வதோ முதலாளி செலுத்தும் 3 சதவீதம்தான். மீதிக்கு அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது.

இயந்திரம் "பிராண்ட் நியூ" என்று பற்றுச்சீட்டில் எழுதியிருந்தது. பெட்டியும் புதிது, பெயின்டும் புதிது. முதல் வேலையிலேயே ஒரு சின்ன வட்டம் மூடவில்லை. கத்தி தொடங்கிய இடமும் முடித்த இடமும் ஒரு மயிரிழை விலகி நின்றன. பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே பளிச்சென்ற செம்மஞ்சள் ஸ்டிக்கர் துணுக்குகள் பசையோடு இறுகிக் கிடந்தன. நான் அந்த நிறத்தில் ஒரு அங்குலம்கூட வெட்டியதில்லை. கத்தி ஓடும் பாதைக்குக் கீழே நீளமாக ஒரு வெள்ளைப் பட்டி இருக்கும். அதில் நகத்தை வைத்து இழுத்தேன், தடக்குத் தடக்கென்று பள்ளங்கள். புது இயந்திரத்தில் அந்தப் பட்டி வழுவழுவென்று இருக்க வேண்டும். தொடர் இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் சுரண்டிய தடம். யார் இயந்திரம் வாங்கப் போனாலும் பெயின்டைப் பார்க்காதீர்கள், அந்தப் பட்டியில் நகத்தை வையுங்கள். இரண்டு மீற்றர் நீளத்துக்கு ஒரு நீள்சதுரம் வெட்டச் சொல்லுங்கள். ரோலை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் சக்கரம் தேய்ந்திருந்தால் போகப் போக ரோல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போவது கண்ணுக்கே தெரியும்.

பயிற்சி என்பது இன்னொரு கூத்து. காட்சிக்கு வெட்டியதெல்லாம் ஆங்கில எழுத்து. தமிழ் எழுத்தை வெட்டிக் காட்டச் சொன்னதற்கு, "எல்லா மொழியும் ஒன்றுதான் தம்பி" என்றார் பயிற்சியாளர். ஒன்றல்ல. இங்கே இன்னும் பெரும்பாலும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான் வேலை நடக்கிறது. அதில் 'ரி' என்பது ஒரே வடிவம் அல்ல. 'ர' மேல் இகரக் குறி தனியாக ஏறி உட்கார்ந்திருக்கும். இரண்டையும் வரைபட மென்பொருளில் ஒன்றாக இணைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இணைக்காவிட்டால் கத்தி இரண்டு கோடுகளும் குறுக்கிடும் இடத்தையும் வெட்டிவிடும். ஸ்டிக்கரை உரிக்கும்போது அந்தக் குறி தனியாகக் கழன்று வந்துவிடும். ஒரு கோயில் பலகையில் மாரியம்மன் எனக்கு மாரயம்மன் ஆனாள். பூசாரி ஐயா நல்லவர், சிரித்துவிட்டுத் திரும்பச் செய்து தரச் சொன்னார். காசு வாங்கிப் பயிற்சி கொடுத்தவர்களோ இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கணினியில் ஏற்றித் தந்த மென்பொருளும் களவுப் பிரதி. ஒருமுறை இணையத்தோடு இணைத்ததும் அது முடங்கியது.

ரோல்களைப் பற்றி: "ஐந்து வருடம் வெயில் மழை தாங்கும்" என்று தந்தவை, உள்ளரங்க வேலைக்கும் குறுகிய கால விளம்பரத்துக்கும் பாவிக்கும் மலிவான ரகம். இந்த ரகம் நாளாக நாளாகச் சுருங்கும். ஒரு ஓட்டோக் கண்ணாடியில் ஒட்டிய எழுத்துகள் சில வாரத்திலேயே உள்வாங்கிவிட்டன. ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் பசை ஒரு கோடாகத் தெரிந்தது. அதில் தூசி ஒட்டி, கறுப்புப் பேனாவால் கரை போட்ட மாதிரி ஆனது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. உயரம் கூடக் கூட வெயிலின் புறஊதாக் கதிரும் கூடும், காலையில் பனி, சுவரெல்லாம் ஈரம். கொழும்பில் ஒரு வருடம் நிற்கும் ஸ்டிக்கர் இங்கே அதே கணக்கில் நிற்காது. வெளிவேலைக்கு ரோல் வாங்கும்போது தயாரிப்பாளரின் விபரத்தாளைக் கேளுங்கள். தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

வேலை தருவதாகச் சொன்னார்களே, அதைக் கேட்டபோது முதலில் மாதிரி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன், தரம் போதாது என்றார்கள். அவர்களுடைய இயந்திரம், அவர்களுடைய ரோல்! பிறகு, இன்னும் 60,000 ரூபா கட்டி "மாவட்ட முகவர்" ஆனால் நேரடியாக ஓடர் வரும் என்றார்கள். பற்றுச்சீட்டைத் திருப்பிப் பார்த்தால் வேலை தருவதைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. வாய்ப்பேச்சாகச் சொன்னது, வாயோடு போனது.

இனிச் சொல்வதுதான் முக்கியம். திருத்துநர் அடுத்த வாரம் வருவார், பாகம் துறைமுகத்தில் நிற்கிறது, மண்சரிவால் பாதை மூடியிருக்கிறது என்று மாற்றி மாற்றிச் சொல்லி இழுத்தடித்தார்கள். குரல் எப்போதும் மரியாதையாகவே இருந்தது. அந்த இழுத்தடிப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்து மூலம் முறைப்பாடு செய்வதற்கு, பொருளை வாங்கியதிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். கண்டியில் பத்திரிகை விநியோகம் செய்யும் ஒரு அண்ணன் சொன்னதால் தப்பினேன். கெடு முடிவதற்கு முன்பே கடிதம் போய்விட்டது. தொலைபேசியில் 1977க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். தொழிலுக்கு வாங்கியவர் பாவனையாளர் அல்ல என்று கம்பெனி வாதாடிப் பார்த்தது. சட்டமோ பாவனையாளர் என்றால் பணம் கொடுத்துப் பெறும் பொருளைப் பாவிக்கிறவர் என்றுதான் சொல்கிறது. "பிராண்ட் நியூ" என்று அவர்கள் கையால் எழுதிய பற்றுச்சீட்டும், செம்மஞ்சள் துணுக்குகளின் படமும், முகவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளும் கோப்பில் இருக்கின்றன.

தேய்ந்த பட்டியை மாற்றி, புதுக் கத்தி போட்டு, பெரிய எழுத்து வேலைகளை மட்டும் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். சின்ன எழுத்து வந்தால் டவுனில் ஒரு நண்பரின் இயந்திரத்தில் வெட்டுகிறேன்.

இதே பொதியை வாங்கியவர்கள் பதுளை, மஸ்கெலியாப் பக்கங்களிலும் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். இன்னும் மூன்று மாதம் ஆகாதவர்கள் திருத்துநருக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். பற்றுச்சீட்டின் பிரதி, இயந்திரத்தின் உட்பக்கப் படம், முகவரின் பேச்சு மூன்றையும் சேர்த்து வையுங்கள். கெடு தாண்டியவர்களும் தயங்க வேண்டாம். எனக்குத் தெரியப்படுத்தினால் விசாரணையில் உங்கள் விபரத்தையும் முன்வைக்க முடியுமா என்று அடுத்த தவணையில் கேட்கிறேன்.