7ஆவது இடத்தில் யாரை எடுப்பது: ஹைஸ்கூல் பையனா, காலேஜ் பையனா?

அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் நாம் மட்டையைத் தொடுவதே இல்லை. நாம் அணியின் ஜெனரல் மேனேஜர். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதுதான் வேலை. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஜூலையில் வரும் அமெச்சூர் டிராஃப்ட், அதாவது ஹைஸ்கூல், காலேஜில் ஆடும் பையன்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நாள். ஏலம் கிடையாது. அணிகள் வரிசையாக நின்று ஆளுக்கொரு பையனை எடுக்கும். மொத்தம் 20 சுற்று. நாம் ஆசைப்பட்டவனை முன்னால் நிற்கும் அணி எடுத்துவிட்டால் போச்சு.

போன டிராஃப்டில் எனக்கு 7ஆவது இடம். என் முறை வந்தபோது பட்டியலில் நான்கு நல்ல பெயர்கள் மிச்சம் இருந்தன: 18 வயது ஹைஸ்கூல் இடக்கை பிட்சர், அதே வயது ஹைஸ்கூல் ஷார்ட்ஸ்டாப், 21 வயது காலேஜ் பிட்சர், 21 வயது காலேஜ் அவுட்ஃபீல்டர். (பிட்சர் பந்து வீசுபவர். ஷார்ட்ஸ்டாப் இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர். அவுட்ஃபீல்டர் மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்பவர்.) அரை மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிராஃப்டில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இந்த நான்கு பேரிலேயே இருப்பதால் ஒவ்வொருவராகப் பார்க்கலாம்.

முதலில் எண்கள். இளம் வீரர்களைத் தேடி மதிப்பிடும் உண்மையான பேஸ்பால் ஸ்கவுட்டுகளைப் போலவே இந்த விளையாட்டும் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடும். உச்சமட்ட லீக்கான மேஜர் லீக்கின் சராசரி 50. ஒவ்வொரு திறமைக்கும் இரண்டு எண்: இன்றைக்கு எவ்வளவு, முழுதாக வளர்ந்தால் எவ்வளவு. இரண்டாவதைத்தான் பொட்டென்ஷியல் என்கிறோம். புதிதாக ஆடுபவர்கள் பொட்டென்ஷியலை மட்டும் பார்த்து எடுத்துவிடுவார்கள். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் எடுத்தேன். இப்போது நான் முதலில் பார்ப்பது இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தை.

அந்த இடக்கை பிட்சருக்கு பந்தின் வீரியம், அதாவது ஸ்டஃப், இன்று 35, பொட்டென்ஷியல் 70. நினைத்த இடத்தில் பந்தைப் போடும் கன்ட்ரோல் இன்று 25, வளர்ந்தால் 55. படிக்கவே நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் அந்த 70 நம் ஸ்கவுட்டின் கணிப்பு மட்டுமே. ஸ்கவுட் சுமாரானவர் என்றாலோ, அமெச்சூர் ஸ்கவுட்டிங்குக்கு நாம் குறைவாகப் பணம் ஒதுக்கியிருந்தாலோ அந்த 70 உண்மையில் 55ஆக இருக்கலாம். கணிப்பு சரியாகவே இருந்தாலும் அங்கே போய்ச் சேர நான்கைந்து வருடம் ஆகும். அதற்குள் தோள்பட்டையோ முழங்கையோ ஒருமுறை போனால் எண்கள் சரிந்துவிடும். மூன்றாவது பந்து வகை தேறாவிட்டால், ஆட்டத்தைத் தொடங்கிப் பல இன்னிங்ஸ் வீசும் ஸ்டார்ட்டராக வர வேண்டியவன் ஒரு இன்னிங்ஸ் மட்டும் வீசும் ரிலீவராகச் சுருங்கிவிடுவான்.

நிஜத்திலும் இதே பயம் உண்டு. 1965இல் தொடங்கிய மேஜர் லீக் டிராஃப்டில் ஒரு ஹைஸ்கூல் வலக்கை பிட்சர்கூட முதல் ஆளாக எடுக்கப்பட்டதில்லை. இடக்கை பிட்சர்கள் மூன்று பேர் உண்டு: 1973இல் டேவிட் கிளைட், 1991இல் பிரையன் டெய்லர், 2014இல் பிராடி ஐக்கன். டெய்லரை யாங்கீஸ் அணி எடுத்தது. தோள்பட்டைக் காயத்துக்குப் பிறகு அவர் மேஜர் லீக் பக்கமே வரவில்லை. ஐக்கனை எடுத்த ஹியூஸ்டன் அணி, மருத்துவப் பரிசோதனையில் முழங்கை பற்றிச் சந்தேகம் வந்ததும் சொன்ன ஒப்பந்தத் தொகையைக் குறைத்தது. அவர் கையெழுத்தே போடவில்லை. அதற்கு ஈடாக ஹியூஸ்டனுக்கு 2015இல் 2ஆவது இடம் கிடைத்தது. அதில் வந்தவர் அலெக்ஸ் பிரெக்மன், ஒரு காலேஜ் ஷார்ட்ஸ்டாப்.

ஆனாலும் 7ஆவது இடம் என்றதும் எனக்கு கிளேட்டன் கெர்ஷா ஞாபகம் வந்தார். 2006இல் டாட்ஜர்ஸ் அணி அவரை டெக்சாஸ் ஹைஸ்கூலில் இருந்து எடுத்ததும் இதே 7ஆவது இடத்தில்தான். இரண்டே வருடத்தில் மேஜர் லீக். பிறகு சிறந்த பிட்சருக்கான சை யங் விருது மூன்று முறை. இந்த ஒரு கதைக்காகவே பல பேர் ஹைஸ்கூல் பிட்சர் மேல் பணத்தைக் கட்டுகிறார்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. முதல் சுற்றில் மட்டும் நான் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

ஷார்ட்ஸ்டாப் பையன் வேறு மாதிரி. மட்டை பிடிப்பதில் இன்று 25, வளர்ந்தால் 60. தூரம் கிட்டத்தட்ட பிட்சருக்கு இருக்கும் அளவுதான். வித்தியாசம் அவன் கையில் இருக்கும் கிளவ். ஃபீல்டிங்கில் 18 வயதிலேயே அவன் பெரிய லீக் அளவுக்கு இருக்கிறான். மட்டை எதிர்பார்த்த அளவுக்கு வராவிட்டாலும் ஷார்ட்ஸ்டாப்பில் நன்றாகப் பந்து பிடிப்பவனுக்கு எந்த அணியிலும் ஓரிடம் உண்டு. பிட்சருக்கு இப்படி விழுந்தால் தாங்கும் தரை கிடையாது. வயதும் சாதகம். ஒரு வீரர் மேஜர் லீக்கில் ஆறு வருட சர்வீஸ் முடிக்கும்வரை அணியின் பிடியில் இருப்பார். 22 வயதில் வருபவன் 27 வரை நம்மிடம் ஆடுவான். 24இல் வரும் காலேஜ் பையனின் பிந்தைய வருடங்களில் சரிவு தொடங்கிவிடலாம்.

இங்கேயும் நிஜம் இரண்டு பக்கமும் பேசுகிறது. 2004இல் சான் டியேகோ பாட்ரஸ் முதல் ஆளாக எடுத்தது மேட் புஷ் என்ற ஹைஸ்கூல் ஷார்ட்ஸ்டாப்பை. அடுத்த இடத்தில் டெட்ராய்ட் எடுத்தது ஜஸ்டின் வெர்லாண்டர் என்ற காலேஜ் பிட்சரை. புஷ் 2016இல்தான், அதுவும் பிட்சராக மாறி, மேஜர் லீக்குக்கு வந்தார். 2009இல் ஏஞ்சல்ஸுக்கு அடுத்தடுத்து 24, 25 என இரண்டு இடங்கள். இரண்டிலும் ஹைஸ்கூல் அவுட்ஃபீல்டர்களை எடுத்தார்கள். 24இல் வந்தவர் ராண்டல் கிரிச்சக். 25இல் வந்தவர் மைக் டிரௌட். பிற்காலத்தில் பெரிய நட்சத்திரமான டிரௌட்டுக்கு முன்னால் 24 பேர் எடுக்கப்பட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

காலேஜ் பிட்சரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. என் பட்டியலில் இருந்தவனிடம் உருப்படியான பந்து வகை இரண்டுதான், ஸ்டாமினாவும் குறைவு. 21 வயதில் அப்படி இருப்பவன் ரிலீவராகத்தான் முடிவான். பால் ஸ்கீன்ஸ் போல ஒருவர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். 2023இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் (எல்எஸ்யூ) இருந்து முதல் ஆளாகப் போனவர் அடுத்த மே மாதமே மேஜர் லீக்கில் வீசினார். அப்படிப்பட்டவர்கள் 7ஆவது இடம் வரை மிஞ்ச மாட்டார்கள். காலேஜ் என்பதற்காகவே பிட்சரை நம்பவும் கூடாது: 2013இல் ஹியூஸ்டன் ஸ்டான்ஃபோர்டின் மார்க் அப்பெலை முதலில் எடுத்தது. அடுத்து கப்ஸ் அணி எடுத்த காலேஜ் பேட்டர் கிரிஸ் பிரையன்ட் 2016இல் எம்விபி, அதாவது மிக மதிப்புமிக்க வீரர் ஆனார். அப்பெல் மேஜர் லீக்கில் கால் வைத்தது 2022இல், 30 வயதில், வேறொரு அணிக்காக.

நான்காவது ஆள் காலேஜ் அவுட்ஃபீல்டர். பந்தை மட்டையில் படவைக்கும் கான்டாக்ட் இன்று 45, வளர்ந்தால் 55. பந்தைப் பார்த்து விடும் கண் இன்று 50, வளர்ந்தால் 60. பவர் சுமார். பக்கத்தைத் திறந்தால் மனம் துள்ளாது. ஆனால் தூரம் பத்து பத்துதான். ஸ்கவுட் கொஞ்சம் தவறினாலும் நாம் பெரிதாக ஏமாற மாட்டோம். பயிற்சிக்கான கீழ்மட்ட ரூக்கி லீக்கைத் தாண்டி நேராக மேல்படியான ஹை-ஏ லீக்கில் தொடங்கலாம். இரண்டு வருடத்தில் மேலே வந்துவிடுவான். உழைப்புக் குணம் உயர்வு என்று வேறு போட்டிருந்தது. நான் ஆடிய வரையில், எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இருவரில் உழைப்பும் புத்தியும் உயர்வாக இருப்பவனே அதிகம் வளர்கிறான். காயம் படும் இயல்பு மோசம் என்று இருந்தால், பொட்டென்ஷியல் எவ்வளவு இருந்தாலும் அந்தப் பெயரைத் தாண்டிவிடுகிறேன்.

அப்புறம் பணம், அதாவது எடுத்த பையன் கையெழுத்துப் போட நாம் கொடுக்கும் தொகை. ஹைஸ்கூல் பையனிடம் எப்போதும் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது: தொகை பிடிக்காவிட்டால் காலேஜுக்குப் போய்விடுவான். நான்காண்டு காலேஜில் சேர்ந்துவிட்டால் மூன்றாம் ஆண்டு முடியவோ 21 வயது ஆகவோ வேண்டும், அதன்பிறகே மறுபடி டிராஃப்டுக்கு வருவான். என் ஷார்ட்ஸ்டாப் அந்த இடத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் தொகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டான். கொடுத்திருந்தால் இரண்டாம், மூன்றாம் சுற்றுகளில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அவுட்ஃபீல்டர் வழக்கமான தொகைக்கே சரி என்றான்.

கடைசியாக நான் பார்த்தது ஸ்கவுட்டின் நம்பகத்தை. இந்த விளையாட்டில் நம் ஸ்கவுட் தவிர எல்லா அணிக்கும் பொதுவான ஒரு ஸ்கவுட்டிங் அமைப்பின் மதிப்பீடும் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இடக்கை பிட்சருக்கு நம் ஆள் 70 கொடுத்தார், அந்த அமைப்பு 55. ஷார்ட்ஸ்டாப்புக்கு 60க்கு 50. அவுட்ஃபீல்டருக்கு இரண்டும் 55. என் அமெச்சூர் பட்ஜெட் அந்த வருடம் குறைவு. அணி உரிமையாளரும் பொறுமை இழந்துகொண்டிருந்தார். ஐந்து வருடம் கழித்துப் பழுக்கும் மரத்தை நட்டால் பழம் பறிக்கும்போது நான் அந்த நாற்காலியில் இருப்பேனா என்பதே சந்தேகம். அவுட்ஃபீல்டரை எடுத்தேன்.

மிச்சப் பணத்தில் ஹைஸ்கூல் ஆசையையும் தீர்த்துக்கொண்டேன். நான்காம் சுற்றுக்குப் பிறகு மூன்று ஹைஸ்கூல் பிட்சர்களை எடுத்தேன். அங்கே தவறினாலும் இழப்பு சிறியது. ஒருவனுக்கு வேகம் கூடினாலோ புதிதாக ஒரு பந்து கைவந்தாலோ லாபம் பெரியது. கெர்ஷா கனவு காண்பதற்கு எனக்கு அந்தச் சுற்றுகள் போதும்.

இந்த ஜூலையில் எனக்கு 19ஆவது இடம். உரிமையாளர் ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார். ஸ்கவுட்டை மாற்றி அமெச்சூர் பட்ஜெட்டையும் ஏற்றியிருக்கிறேன். பட்டியலில் 17 வயது ஷார்ட்ஸ்டாப் ஒருவன் இருக்கிறான். புது ஸ்கவுட் 60 என்கிறார், பொது அமைப்பும் 60 என்கிறது. 18 அணிகளும் அவனைத் தாண்டிப் போகவேண்டும், அவ்வளவுதான்.