நடுங்காத விரலைக் கேட்கும் பார்க்கின்சன் செயலி

நாகேஸ்வர ராவ் பூங்காவில் என்னோடு நடக்கும் நண்பருக்கு அண்மையில் பார்க்கின்சன் நோய் உறுதியாகியிருக்கிறது. அதே நோயுள்ள நான் மாத்திரை நேரத்தை நினைவூட்டப் பயன்படுத்தும் செயலியின் ஆண்டுச் சந்தா பாதியாகக் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “வாங்கலாமா சார்?” என்று கேட்டார். வசதிகளின் பட்டியல் விளம்பரத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

மாத்திரை நேரம் வந்ததும் ஸ்மார்ட் வாட்ச் அதிரும். கைபேசித் திரையில் சிறிய வட்டம் ஒன்று தோன்றும். அந்த வட்டத்தை வலப்பக்கக் கடைசிவரை இழுத்துச் சென்றால்தான் ‘எடுத்துக்கொண்டேன்’ என்று பதிவாகும். நடுவழியில் விரல் திரையை விட்டுத் துள்ளினால் வட்டம் பழைய இடத்துக்கே ஓடிவிடும். இடப்பக்கம் சறுக்கினாலோ ‘தவிர்த்தேன்’ என்று பதிவாகிவிடும். நாங்கள் விழுங்கும், இந்த நோய்க்கான முக்கிய மருந்தான லெவோடோபா உடலில் நெடுநேரம் தங்குவதில்லை. அதன் துணை மருந்தான கார்பிடோபாவோடு சேர்த்துக் கொடுத்தாலும் ரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோய் வளர வளர, அடுத்த வேளை வருவதற்குள் முந்தைய மாத்திரையின் பலன் வடிந்து, நடுக்கமும் விறைப்பும் திரும்பிவிடுகின்றன. இதைத்தான் மருத்துவர்கள் ‘ஆஃப்’ நேரம் என்கிறார்கள். அதாவது, விரல் சொன்னபடி கேட்காத நேரம் பார்த்து, நாளின் மிக நுட்பமான விரல் வேலையை இந்தச் செயலி எங்களிடம் கேட்கிறது. போதாக்குறைக்குச் சென்னை வெயிலில் வியர்த்த விரலைத் தொடுதிரை சரியாக உணர்வதும் இல்லை.

இதை வெறும் அசௌகரியம் என்று விட்டுவிட முடியாது. செயலி தயாரித்த மாத அறிக்கையைப் பார்த்த நரம்பியல் மருத்துவர், “மத்தியான மாத்திரையை அடிக்கடி விட்டுடறீங்களே, ஏன் சார்?” என்று கேட்டார். ஒரு வேளையும் விடவில்லை. விழுங்கிய மாத்திரைகள்தாம் ‘தவிர்த்தேன்’ என்று பதிவாகியிருந்தன. பக்கத்தில் இருந்த என் மனைவி, மாத்திரை நேரங்களைத் தன் கையால் எழுதிவைத்த நோட்டை எடுத்துக் காட்டியதால் உண்மை விளங்கியது. தனியாக வருகிற நோயாளியின் நிலை என்ன? தவறான பதிவை நம்பி மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றினால், அளவு மிஞ்சிய லெவோடோபா கைகால்களைத் தானாக நெளியவைக்கும் வேறொரு தொல்லையைக் கொண்டுவரலாம்.

நிறுவனத்துக்கு எழுதினேன். விரல் தெரியாமல் பட்டுப் பதிவாகிவிடக் கூடாது என்பதற்காகவே இழுக்கும் முறையை வைத்திருப்பதாகப் பதில் வந்தது. நடுங்கும் விரல் தவறான இடத்தில் படும் என்பது உண்மையே, அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குத் திரை அகலத்துக்கு ஒரு பெரிய பொத்தானும், தவறை மாற்றிக்கொள்ள ஒரு நிமிட அவகாசமும் போதுமே! குரலால் பதியலாம் என்றும் யோசனை சொன்னார்கள். இந்த நோய் குரலையும் தணித்துவிடும் என்பது பார்க்கின்சனுக்கென்றே செயலி செய்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? மின்விசிறி ஓடும் அறையில் நான் பேசுவது என் மனைவிக்கே பாதிதான் கேட்கிறது.

இனி அது எனக்குச் செய்த நன்மை. ஓய்வில் இருக்கும் கையில் விநாடிக்கு 4 முதல் 6 முறை வரும் நடுக்கத்தை வாட்ச் அளந்து, உணவு நேரத்தையும் மாத்திரை நேரத்தையும் ஒரே வரைபடத்தில் காட்டுகிறது. மாநகரப் பேருந்தின் பின் இருக்கையில் பயணம் செய்த நாள்களின் வரைபடத்தை நம்ப முடியாது. வீட்டிலிருந்த நாள்களில் அது மிகத் தெளிவாக இருந்தது. காலையில் வெண்பொங்கலும் பாலும் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்ட நாள்களில் பலன் தாமதமாகவும் குறைவாகவும் வந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது. பருப்பு, பால், தயிர் ஆகியவற்றின் புரதம் செரித்து உண்டாகும் அமினோ அமிலங்கள், குடலிலும் மூளையின் வாசலிலும் லெவோடோபாவோடு போட்டியிடுகின்றன. இதை மருத்துவர் முன்பே சொல்லியிருந்தாலும், என் சொந்தக் காலைப் பொழுதாகப் பார்த்தபோதுதான் அது மனத்தில் பதிந்தது. அவர் சம்மதத்தோடு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னதாக மாற்றினேன். முற்பகல் நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. சட்டைப் பொத்தானை நானே போட்டுக்கொள்கிறேன். இந்த ஒன்றுக்காக அந்தச் செயலிக்கு நான் உண்மையாகவே நன்றி சொல்கிறேன்.

நடையைப் பொறுத்தவரை அதனால் எனக்குப் பயனில்லை. லிஃப்ட் வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும்போது, பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்தபடி, பாட்டு மாணவர்கள் வைத்திருக்கும் சீரான தாளம் தட்டும் இலவச மெட்ரோனோம் செயலியை ஓடவிட்டு அந்தத் தட்டுக்கு அடி எடுத்துவைக்கிறேன். கால் நகர்கிறது.

இத்தனை நன்மையைச் சொல்லிவிட்டும், அந்த வட்டத்தை மாற்றாதவரை விலை பாதியானாலும் வாங்க வேண்டாம் என்பதே என் முடிவு. ஏற்கெனவே வாங்கியவர்கள் கைபேசியின் அணுகல்தன்மை (Accessibility) அமைப்புகளுக்குள் சென்று, அடுத்தடுத்து விழும் தொடுதல்களைப் புறக்கணிக்கும் வசதி இருந்தால் அதை இயக்கிப் பாருங்கள். தட்டும் இடங்களில் ஓரளவு உதவும், இழுக்கும் இடத்தில் உதவாது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மாத்திரை டப்பாவும், அலாரமும், கோடு போட்ட நோட்டும் போதும். மாத்திரை நேரம், சாப்பாடு, ‘ஆஃப்’ நேரம் என்று மூன்று பத்திகளாக என் மனைவி எழுதிவரும் நோட்டைத்தான் சென்ற முறை மருத்துவர் முதலில் கேட்டு வாங்கினார்.