உப்பு மாவா, விளையாட்டு மாவா, சோடா மாவா? குழந்தைகளின் கைவேலைக்கு எது பொருந்தும்?

சின்னக் குழந்தைகளுக்கு மாவில் உருவம் செய்யக் கொடுக்கும்போது வரும் ஏமாற்றம் பெரும்பாலும் செய்முறைப் பிழையால் வருவதில்லை, வேலைக்குப் பொருந்தாத மாவை எடுப்பதால் வருகிறது. பிசைந்து, கலைத்து, மறுபடி பிசைய ஒரு மாவு வேண்டும். காய்ந்து அலமாரியில் நிற்க வேறு மாவு வேண்டும். அதனால் செய்து முடித்த பொருளை என்ன செய்யப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். கீழே உள்ள அளவுகளில் கப் என்றால் 240 மி.லி.

மூன்று வயதை ஒட்டிய குழந்தைகளுக்கு விளையாட்டு மாவுதான் சரி. மைதா 1 கப், தூள் உப்பு அரை கப், க்ரீம் ஆஃப் டார்டார் (பேக்கிங்கில் சேர்க்கும் புளிப்புத் தூள்) 2 டீஸ்பூன், எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், தண்ணீர் 1 கப். நிறம் வேண்டுமானால் தண்ணீரிலேயே கலந்துவிட வேண்டும். பிசைந்து முடித்த மாவில் நிறத்தைச் சொட்டினால் மாவு பிசுபிசுக்கும், குழந்தையின் கையிலும் சாயம் ஏறும். எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பில் வைக்கவும். மிதமான தீயில் 3 முதல் 5 நிமிடம் விடாமல் கிண்டினால், மாவு பாத்திரத்தின் ஓரத்தை விட்டுத் திரண்டு உருண்டையாகும். இறக்கிய பின்னும் உருண்டையின் நடுப்பகுதியில் சூடு வெகுநேரம் நிற்கும். பெரியவர் பிளந்து பார்த்து, இளஞ்சூட்டில் பிசைந்த பிறகே குழந்தையிடம் கொடுக்கலாம்.

க்ரீம் ஆஃப் டார்டார் இல்லையென்றால் 4 டீஸ்பூன் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றி, அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம். புளிப்பே சேர்க்காவிட்டாலும் மாவு திரளும், ஆனால் சீக்கிரம் சொரசொரப்பாகிவிடும். மாவு கையில் ஒட்டினால் வேக்காடு போதவில்லை என்று பொருள். மேலும் மைதா தூவுவதைவிட, பாத்திரத்தில் போட்டு இன்னொரு நிமிடம் கிண்டுவதே சரியான தீர்வு. நன்றாக ஆறிய பின் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் பல வாரம் கெடாது. சூட்டோடு மூடினால் உள்ளே நீர் வேர்த்து மேல்பரப்பு கொழகொழப்பாகும், பூஞ்சையும் பிடிக்கும்.

கடலடி உலகம், காட்டு விலங்குகள், எழுத்துகள் என எந்தக் கருப்பொருளுக்கும் இது ஒத்துவரும். பாம்பு திரிக்கலாம், நட்சத்திரம் வெட்டலாம், பொம்மை விலங்கின் காலை அழுத்தித் தடம் பதிக்கலாம். ஆனால் செய்ததை அப்படியே பாதுகாக்க வேண்டுமென்றால் இந்த மாவு கைவிட்டுவிடும். எண்ணெயும் ஈரமும் மிகுந்திருப்பதால் காயக் காயச் சுருங்கி வெடிக்கும். அழகாய் வந்த மீனைக் காயவைத்து, அது பிளந்ததைக் கண்டு அழும் குழந்தையிடம் காரணம் சொல்லிப் பயனில்லை. கலைத்து விளையாடத்தான் இது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

காயவைத்து வைத்துக்கொள்ள உப்பு மாவு, சோடா மாவு இரண்டும் உண்டு. போட்டி உண்மையில் இவற்றுக்கு இடையேதான்.

உப்பு மாவுக்கு அடுப்பில் கிண்டும் வேலை இல்லை. மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப்பில் தொடங்கிச் சிறிது சிறிதாக 1 கப் வரை. காதுமடலைத் தொட்டது போன்ற மென்மை வந்ததும் தண்ணீரை நிறுத்திவிடலாம். கல் உப்பு வேண்டாம், காய்ந்த பின் பரப்பு மணல்மணலாக இருக்கும். மைதாவில் உள்ள இழுவைத்தன்மையால் இந்த மாவு வளைந்துகொடுக்கும், கைத்தடமும் கனமான உருவங்களும் நன்றாக வரும். துண்டுகளை ஒட்டும் இடத்தில் இரு பக்கமும் கீறி, தண்ணீர் தொட்டு அழுத்த வேண்டும். வெறுமனே ஒட்டிய காதும் வாலும் காய்ந்ததும் உதிர்ந்துவிடும்.

சிக்கலெல்லாம் காயவைப்பதில்தான். 5 மி.மீ. கனமுள்ள துண்டுகளுக்கு ஓவனில் சுமார் 100 டிகிரி செல்சியஸில் 2 முதல் 3 மணி நேரம் பிடிக்கும், பாதியில் திருப்பிப் போட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே சிக்கிய நீராவி அதைக் கொப்புளமாக உப்பச் செய்யும், நிறமும் பழுப்பாகும். காய்ந்த பிறகும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும். வண்ணம் தீட்டி, பின்பக்கம் உட்பட எல்லாப் பக்கமும் பெரியவர் வார்னிஷ் பூசாவிட்டால் ஈரமான நாள்களில் பொருள் தளர்ந்துவிடும்.

சோடா மாவு இதற்கு நேரெதிர். செய்வதில் கவனம் தேவை, காயவைக்க ஓவன் தேவையில்லை. சமையல் சோடா 2 கப், கார்ன்ஃப்ளார் 1 கப், தண்ணீர் ஒன்றேகால் கப். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போட்டால் நுரைத்துக் கெடும். அடுப்பில் வைத்துக் கிண்டும்போது சில நிமிடம் பால்போலவே இருந்து, பிறகு சட்டென்று இறுகும். மசித்த உருளைக்கிழங்கின் பதம் வந்த கணமே இறக்கிவிட வேண்டும், தாமதித்தால் பொடிப்பொடியாக உதிரும். ஆறும்வரை ஈரத்துணியால் மூடிவைக்கவும்.

வெண்மை, வழுவழுப்பு, நுண்ணிய பதிவு மூன்றிலும் இதை உப்பு மாவு நெருங்கவே முடியாது. இலையை நரம்புப் பக்கம் கீழாக வைத்து உருட்டினால் மெல்லிய நரம்பும் பதியும். நிலா, சங்கு, டைனோசர் எலும்பு போன்றவற்றுக்கு வண்ணமே வேண்டியதில்லை. கம்பித் தட்டில் வைத்து, இடையிடையே திருப்பி, நிழலில் ஒன்றிரண்டு நாள் உலர்த்தினால் போதும். வெயிலிலோ மின்விசிறியின் கீழோ வைத்தால் ஓரம் சுருண்டு விரிசல் விடும். குறை என்னவென்றால் இழுவை கிடையாது. ஒல்லியான கால், வால் ஒடியும், கீழே போட்டால் நொறுங்கும். நீர்த்த வண்ணம் பரப்பையே கரைக்கும், கெட்டியான வண்ணத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். தட்டையான பதக்கங்களுக்கு இது, திரண்ட உருவங்களுக்கும் கைத்தடத்துக்கும் உப்பு மாவு என்று பிரித்துக்கொள்ளலாம்.

எதையும் வாயில் வைக்கும் வயதில் மூன்றுமே வேண்டாம். உப்பும் சோடாவும் அளவுக்கு மேல் உள்ளே போனால் ஆபத்து. உப்பு மாவில் உள்ள பச்சை மைதாவில் நோய்க்கிருமிகளும் இருக்கலாம். வீட்டில் நாய் இருந்தால் உப்பு மாவை எட்டாத உயரத்தில் வையுங்கள், ஒரு கட்டியைத் தின்றாலே நாயின் உயிருக்கு ஆபத்தாகலாம். விரலில் கீறல் உள்ள குழந்தைக்கு உப்புச் சேர்ந்த இரண்டும் எரியும். கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தை இருக்கும் குழுவில், நகக்கண்ணில் தங்கும் மைதாவும் கணக்கில் வரும் என்பதால், எல்லோருக்குமே சோடா மாவு கொடுப்பதுதான் முறை. பாக்கெட்டில் கோதுமை கலக்காத கார்ன்ஃப்ளார்தானா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பாத்திரத்தையும் மேசையையும் முதலில் குளிர்ந்த நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். வெந்நீர் ஊற்றினால் மாவுச்சத்து வெந்து பசையாக ஒட்டிக்கொள்ளும். மீந்த மாவைக் குப்பையில்தான் போட வேண்டும், தொட்டியில் கரைத்துவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும்.